இரண்டு கைக்கும் பொருந்திய பிடி

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ஆற்றுப் பக்கமிருந்து வரும் காலை வெயிலுக்கு ஒரு நிறம் உண்டு, பிள்ளைகளே. தண்ணீரில் கொஞ்சம் தேன் கரைத்தது மாதிரி இருக்கும். அந்த வெயில் ஒரு நீளமான தகரக் கொட்டகைக்குள் சாய்ந்து விழுகிறது. மேசை மேல் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் கேந்திப்பூ, ஒரு வாழைப்பழம். நடுவே நெற்றியில் குங்குமம் வைத்த பெண் மாதிரி ஒரு கைத்துப்பாக்கி.

முந்தின நாள் விஸ்வகர்மா பூஜை, நம் ஆயுத பூஜை மாதிரி. வங்காளத்தில் அன்றைக்குச் சுத்தியல், ஸ்பேனர், லாரி, கப்பல் எல்லாவற்றுக்கும் ஓய்வு. ஊரே மாடியில் நின்று பட்டம் விடும். அறுந்து வந்த பட்டங்கள் எங்கள் கொட்டகைத் தகரத்தில் மாட்டிக்கொண்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

என் மனைவி இசக்கி அந்தத் தட்டின் முன்னால் நிற்கிறாள். முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடப் போகிறாள். கையை நீட்டுகிறாள்.

"டான் ஹாத், பௌதி, டான் ஹாத்!" என்றார் எங்கள் துப்பாக்கிக் கழகச் செயலாளர் அமல்தா.

"சோத்தாங்கையில வாங்கு, இசக்கி!" என்றேன் நான், அதே நொடியில்.

இரண்டு மொழி, ஒரே அதட்டல். சூடு பட்டவள் மாதிரி இடது கையை இழுத்துக்கொண்டாள். பிறகு வலது கையை நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, கோயில் பிரசாதம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அந்த இழுத்துக்கொண்ட கையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

கொட்டகைக்கு வந்த கதை

தூத்துக்குடியிலிருந்து என்னை மாற்றி அனுப்பியபோது ஊர்ப் பெயரே மாறிக்கொண்டிருந்தது. கல்கத்தா என்று எழுதி, அடித்துவிட்டு, கொல்கத்தா என்று எழுதிய காலம். நான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்ப்பவன். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சன்னலைத் திறந்தால் கப்பல் ஊதுகிற சத்தம், பகல் முழுக்க.

எனக்கு வேலை இருந்தது, கூட்டாளிகள் இருந்தார்கள். இசக்கிக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் துணை. மொழி தெரியாது. பக்கத்து வீட்டுக் காக்கிமா, அதாவது சித்தி, நல்ல மனுஷி, தினமும் ஏதாவது கேட்பார். இவள் தலையை ஆட்டுவாள். ஆட்டி ஆட்டி, ஒரு கட்டத்தில் கதவைத் திறப்பதையே குறைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் கூட்டிக்கொண்டு நான் போகும் இடம்தான் அந்தக் கொட்டகை. பழைய சணல் கிடங்கு. அதைத் துப்பாக்கி சுடும் கழகமாக்கி இருந்தார்கள். துப்பாக்கி என்றதும் சினிமாதானே உங்களுக்கு நினைவு வரும்? இங்கே ஆளை ஆள் துரத்துவதெல்லாம் கிடையாது. தூரத்தில் ஒரு தாள். அதில் வட்டத்துக்குள் வட்டம். நடு வட்டத்தில் ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கிகள் உரிமத்தோடு இரும்பு அலமாரியில் இருக்கும். எடுத்தால் வாய் எப்போதும் தாளைப் பார்க்க வேண்டும். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே. காலியாக இருந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். இதில் ஒன்றைத் தப்பினால் அமல்தா அன்றைக்கு டீகூடக் கொடுக்க மாட்டார்.

அமல்தா ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். அந்த வருஷம் புதியவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கினார். "முருகேஷ், உன் மனைவி வெளியே கடம்ப மரத்தடியில் உட்கார்ந்து எறும்பு பார்க்கிறாள். உள்ளே கூட்டி வா" என்றார். 'இசக்கியம்மாள்' அவர் வாயில் நுழையவில்லை. இசா பௌதி ஆக்கிவிட்டார். பௌதி என்றால் அண்ணி.

எங்கள் மூன்று வயது மகள் பொன்னியைக் காக்கிமாவிடம் விட்டுவிட்டு அவள் உள்ளே வந்தாள். அன்றைக்குத் தட்டின் முன்னால் அவள் சிரித்தாளே, அந்த ஊருக்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பக்கத்துக்காரர் தாளில் ஓட்டை

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

"இடது கண்ணை மூடு பௌதி. வலது கண்ணால் குழல் நுனியில் இருக்கும் முன் குறியைப் பார். விசையை மெல்ல அழுத்து, வெடுக்கென்று இழுக்காதே" என்பார் அமல்தா. இந்தியிலும் சைகையிலுமாக நடக்கும் பாடம். இவள் இடது கண்ணை இறுக்கி மூடுவாள், கூடவே வாயும் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். சத்தம் கேட்கும். தாளைப் போய்ப் பார்த்தால் அதில் ஒன்றுமே இருக்காது. ஒருநாள் அடுத்த வரிசையில் சுட்ட தத்தா பாபுவின் தாளில் ஓர் ஓட்டை கூடுதலாக இருந்தது.

"இசா பௌதி எனக்குத் தானம் செய்துவிட்டாள்! நடு வட்டம் வேறு!" என்று குதித்தார் தத்தா பாபு.

"கணக்கில் சேராது. அது என்றைக்கும் பௌதியின் புள்ளி" என்றார் அமல்தா.

எல்லோரும் பிரியமாகத்தான் கேலி செய்தார்கள். ஆனால் பிரியமான கேலிக்கும் மொழி தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்? இவள் முந்தானையைச் செருகிக்கொண்டு மண்குவளை டீயைக் குடிப்பாள்.

வீட்டில் பயிற்சி செய்தாள். சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, வலது கையை நேராக நீட்டி, சன்னலோரம் நிற்பாள். தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். அசையும். வட்டம் வட்டமாக அலை எழும்பி விளிம்புக்குப் போகும். வெளியே ஒரு கப்பல் ஊதும். அவள் கண் தண்ணீரிலேயே இருக்கும். எனக்கு அந்தக் காட்சி இப்போதும் கனவில் வருகிறது. கனவில் அந்தச் சொம்புக்குள் ஆறு ஓடும்.

"இந்தக் கை என் கை மாதிரியே இல்லீங்க" என்றாள் ஒருநாள்.

"பழகப் பழக வந்துரும்."

"வரலைன்னா?"

அவள் கேட்டது துப்பாக்கியைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இதுவும் கைக்கு வரவில்லை என்றால் அவள் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள். அப்புறம் யார் தட்டினாலும் திறக்காது.

மீன் வாங்குகிற மாதிரி

அந்த நேரம் பார்த்து, புதியவர்கள் பழகிய பழைய துப்பாக்கி மண்டையைப் போட்டது. உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசி முறிந்துவிட்டது. உதிரிப் பாகம் கிடைக்காது. புதியவர்களுக்கென்று ஒன்றே ஒன்று வாங்கலாம் என்று கழகத்தில் முடிவானது. எதை வாங்குவது?

வங்காளிகளிடம் இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம். ஞாயிறு தோறும் பொரியும் தேலேபாஜாவுமாகப் பேச்சு. தேலேபாஜா என்றால் நம் பஜ்ஜியின் சித்தப்பா மகன்.

எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: பாயின்ட் டூ டூ. அதாவது மெல்லிய குழல், சுண்டுவிரல் நுனியளவுத் தோட்டா. சத்தம் குறைவு, உதைப்பும் குறைவு. பெரிய துப்பாக்கியைச் சுட்டால் புதியவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் பயம் போகவே போகாது. சின்னச் சத்தத்தில் பழகினால் கண் திறந்தே இருக்கும்.

அதற்கு மேல் ஆளுக்கொரு கட்சி. தத்தா பாபுவுக்குக் குட்டைத் துப்பாக்கிதான் வேண்டும். "சின்னக் கைக்குச் சின்னது" என்பார். அப்படி இல்லை, பிள்ளைகளே. குழல் குட்டையானால் முன் குறியும் பின் குறியும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். கொஞ்சம் கோணினாலும் கண்ணுக்குத் தெரியாது. நீளமாக இருந்தால் தப்பு உடனே தெரியும். புதியவருக்குத் தன் தப்பைக் காட்டும் கருவிதான் நல்ல கருவி. முன்பக்கம் கொஞ்சம் கனமும் வேண்டும். கனம் இருந்தால் குழல் காற்றில் அலையாது.

அமல்தா இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொல்வார்: "மீனை எப்படி வாங்குவாய்? கரியாஹாட் சந்தையில் நின்று கணக்குப் போடுவாயா? செவுளைத் தூக்கு, தொட்டுப் பார், கை சொல்லும். துப்பாக்கியும் கை சொல்வதுதான்."

"எந்தக் கை?" என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இடையில் துர்கா பூஜை வந்தது. ஊரே மின்விளக்குக்குள் மிதந்தது. தாக் என்கிற பெரிய மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. ஒரு பந்தலில் துர்க்கையம்மன் சிலையின் முன்னால் நின்ற இசக்கி நகரவே இல்லை. தூபப் புகை அவளைச் சுற்றி ஏறியது. பின்னால் கூட்டம் தள்ளுகிறது, "எகோன், எகோன், நகருங்க" என்று தொண்டர்கள் கத்துகிறார்கள். இவள் அம்மனையே பார்க்கிறாள். ஊர் ஞாபகம், ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

வண்ணக் குழல்

பூஜை முடிந்து காளிகாட் போனோம். கோயில் சந்தில் பொன்னிக்கு ஒரு அட்டைக் குழல் வாங்கினேன். உள்ளே உடைந்த வளையல் துண்டுகள். கண்ணில் வைத்துத் திருப்பினால் பூ விரியும், உதிரும், வேறு பூ விரியும்.

மறுநாள் மதியம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். பொன்னி தூங்கிக்கொண்டிருந்தாள். சன்னலோரம் இசக்கி அந்தக் குழலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியவில்லை. மெல்ல, மெல்லத் திருப்புகிறாள். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. வெளியே கப்பல். உள்ளே பூக்கள்.

நான் அப்படியே நின்றேன். அவள் குழலை வைத்திருந்தது இடது கண்ணில். பிடித்திருந்தது இடது கையில். அந்தக் கை ஆடவே இல்லை.

"இசக்கி."

திடுக்கிட்டுக் குழலை வலது கைக்கு மாற்றினாள். யாரோ அடிக்க வந்த மாதிரி.

"ஏன் மாத்துற? அப்படியே வச்சுப் பாரு."

"இல்லீங்க, பீச்சாங்கை..."

"உனக்கு அதுதான் பழக்கமா?"

குழலைச் சன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு சொன்னாள். "சின்னப்புள்ளையில எல்லாத்துக்கும் இந்தக் கைதான் வரும். சோறு அள்ளினாலும், கோலம் போட்டாலும். எங்க அம்மா இந்தக் கையில வேப்பெண்ணெயத் தடவி விட்டுருவா. பீச்சாங்கையில தின்னா லச்சுமி தங்க மாட்டாளாம். கசப்பு நாக்குல பட்டுப் பட்டு மாறிட்டேன். ஊசியில நூல் கோக்க மட்டும் இன்னும் இந்தக் கைதான். யாரும் பாக்காதப்போ."

எனக்கு அந்தப் பித்தளைத் தட்டு நினைவுக்கு வந்தது. அன்று நீண்ட கையும், இரண்டு மொழியில் நாங்கள் போட்ட அதட்டலும்.

பொன்னி புரண்டு படுத்தாள். அவள் தலைமாட்டில் சிலேட்டும் சாக்பீஸும் கிடந்தன. பொன்னியும் சாக்பீஸை இடது கையில்தான் எடுப்பாள். ஒவ்வொரு தடவையும் இசக்கி போய் அதைப் பிடுங்கி வலது கையில் வைப்பாள். அதுவரை நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன்.

"அலமாரியில பாட்டில் இருக்கு. ஊர்லேர்ந்து வரவழைச்சேன்" என்றாள், என் பார்வை போன இடத்தைப் பார்த்து. வேப்பெண்ணெய். "இன்னும் தடவலை. மனசு வரலை."

மூன்று பெட்டிகள்

அடுத்த ஞாயிறு துப்பாக்கிக் கடை ஆள் மூன்று மரப்பெட்டிகளோடு கழகத்துக்கு வந்தார். லேசான குளிர் தொடங்கிவிட்டது. அமல்தா தலையில் குரங்குக் குல்லா. கொல்கத்தாவில் காற்று சற்றே குளிர்ந்தால் போதும், ஆண்கள் எல்லோரும் அதை மாட்டிவிடுவார்கள்.

முதல் பெட்டியில் தத்தா பாபு கேட்ட குட்டை. அவரே சுட்டுப் பார்த்தார். குண்டுகள் நாலா பக்கமும் தெறித்திருந்தன. "காற்று" என்றார். கொட்டகைக்குள் காற்று ஏது?

இரண்டாவது பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் ஆ என்றார்கள். நீளக் குழல். வாதுமை மரத்தில் கடைந்த பிடி. கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம், உள்ளங்கைக்கு ஒரு மேடு, கீழே கை வழுகாமல் ஒரு திண்டு. அமல்தா பிடித்தார், கண்ணை மூடினார். "ஆஹா! இது துப்பாக்கி இல்லை, கை குலுக்கல்!"

மூன்றாவது கருப்பு. நீளக் குழல்தான், குறிகளைத் திருகித் திருத்தலாம், விசை சீராக இருந்தது. ஆனால் பிடி தட்டையானது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரு அழகும் இல்லாதது. கல்யாண வீட்டில் கதர்ச் சட்டையோடு ஓரமாக நிற்கும் மாமா மாதிரி இருந்தது.

"முடிந்தது. இரண்டாவதுதான்" என்றார் அமல்தா.

"அமல்தா," என்றேன், "புதியவங்களுக்குத்தானே வாங்குறோம்? அவங்க பிடிச்சுப் பார்க்கட்டும்."

"நியாயம். பௌதி, வா."

கடை ஆள் குண்டுக்கூட்டை உருவி, உள்ளே காலி என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு நீட்டினார். இசக்கி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் இடது கையை நீட்டினாள்.

மரப்பிடியின் மேடு அவள் விரல்களை வெளியே தள்ளியது. திண்டு மணிக்கட்டில் குத்தியது. வலது கைச் செருப்பில் இடது கால் நுழைந்த மாதிரி... சரி, உவமை கோணிப் போய்விட்டது. அந்தக் கையும் அப்படித்தான் கோணி நின்றது.

"பௌதி! பா ஹாத்?" அமல்தாவின் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. இடது கையா என்று கேட்கிறார். "பூஜையில் வைக்கப்போகிற பொருள். இடது கையால் தொடலாமா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இசக்கி பேசினாள். வங்காள மொழியில். ஒவ்வொரு சொல்லாக, நூல் கோக்கிற மாதிரி.

"அமல்தா. மா துர்கா. பா ஹாத் பாஞ்ச்டா. அஸ்த்ரோ பொரேச்சே?"

துர்க்கையம்மாவுக்கு இடது கை ஐந்து. ஆயுதம் எதுவும் கீழே விழுந்ததா?

வெளியே ஆற்றில் ஒரு படகின் மோட்டார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பந்தல் புரிந்தது. புகைக்கு நடுவே அவள் நகராமல் நின்றாளே, அம்மனின் எந்தக் கைகளைப் பார்த்து நின்றாள் என்று.

அமல்தா குரங்குக் குல்லாவைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன. "தத்தா, கேட்டாயா? வாயே திறக்காத பௌதி, திறந்த முதல் நாளே என்னை அசுரனாக்கிவிட்டாள்!"

"நீங்கள் ரொம்ப நாளாக அசுரன்தான், அமல்தா" என்றார் தத்தா பாபு. "மீசைதான் குறைவு."

அமல்தா வாதுமை மரப் பிடியைக் கடைசியாக ஒருமுறை தடவினார். குழந்தையைப் பள்ளியில் விடுகிற மாதிரி பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தக் கருப்பை எடுத்தார். காலி என்று பார்த்தார். தன் கையாலேயே இசக்கியின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

பொன்வண்டு

"வலது கண்ணை மூடவா?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள்.

"ரெண்டும் திறந்தே இருக்கட்டும்னு அமல்தா சொல்றார். உன் இடது கண்ணே பாத்துக்கிடும்."

தோட்டா போட்டாயிற்று. அவள் சுடும் கோட்டில் நின்றாள். கை நீண்டது. சொம்பு பிடித்த அதே நிலைதான், ஆனால் வேறு கை. குழலின் நுனி மேலே போய், கீழே இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. தண்ணீர் அசையவில்லை என்று எனக்குத் தோன்றியது, அங்கே தண்ணீரே இல்லாதபோதும்.

ஒரு சின்னச் சத்தம். சுண்டல் பொட்டலம் உடைகிற மாதிரி.

காலித் தோட்டா தெறித்தது. இந்தத் துப்பாக்கி அதை வலப்பக்கம்தான் துப்பும். இடது கையில் சுடுகிறவளுக்கு அது முகத்துக்கு முன்னால் குறுக்கே பறக்கும். தேன் நிற வெயிலில் அது ஒரு பொன்வண்டு போல மின்னிக்கொண்டு போனது. அவள் கண் சிமிட்டவில்லை. போகிற பொன்வண்டைப் பார்த்துச் சிரித்தாள்.

தாளைத் தத்தா பாபுதான் ஓடிப் போய் எடுத்து வந்தார். முதலில் தன் தாளைப் பார்த்தார், பழக்க தோஷம். பிறகு இவளுடையதைத் தூக்கிக் காட்டினார். நடு வட்டம் இல்லை, பிள்ளைகளே, பொய் சொல்ல மாட்டேன். அதற்கு வெளியே ஒரு வட்டம், அதற்கும் கொஞ்சம் வெளியே. ஆனால் அது அவளுடைய தாள்.

அன்று திரும்பும்போது காக்கிமா வாசலில் பொன்னியோடு நின்றிருந்தார். வழக்கம்போல ஏதோ கேட்டார். இசக்கி தலையை ஆட்டவில்லை. தாளைக் காட்டி, தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டி ஏதோ சொன்னாள். பாதி தப்பு. காக்கிமா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அந்த ஓட்டை வழியாக ஆற்றைப் பார்த்தார். இருவரும் அங்கேயே பேசிக்கொண்டு நின்றார்கள். நான்தான் டீ போட்டேன்.

உள்ளே வந்தபோது பொன்னி தரையில் குப்புறப் படுத்துச் சிலேட்டில் கப்பல் வரைந்துகொண்டிருந்தாள். சாக்பீஸ் இடது கையில்.

இசக்கி அவள் பக்கம் போனாள். எப்போதும் போலக் குனிந்தாள். பொன்னி எப்போதும் போல, பிடுங்கிக்கொள்ளட்டும் என்று விரல்களைத் தளர்த்தினாள்.

இசக்கி சாக்பீஸைத் தொடவில்லை. சிலேட்டை மட்டும் மகளின் இடது கைப் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஏட்டி, கப்பலுக்குப் புகை எங்க?"